சோறு உண்டபின் வரும் ஒரு மணி நேரம்

என் தந்தையார் 63ஆம் வயதில் இறந்தார். கடைசி நான்கு ஆண்டுகளும் வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கையில் ஊசியோடு அவர் படுத்திருந்தார். அவருக்கிருந்த நீரிழிவு நோய்க்கு எங்கள் வீட்டுப் பேச்சில் ‘இனிப்பு நீர்’ என்று பெயர். அது காலைத் தொடும் என்றும் கண்ணைத் தொடும் என்றும் கேள்விப்பட்டிருந்தோமே தவிர, சிறுநீரகத்தையே நிறுத்திவிடும் என்பதை மருத்துவர் சொன்ன நாளில்தான் தெரிந்துகொண்டோம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம் என்று பின்னாளில் படித்தபோது, அந்த நிலையத்தில் வரிசையாக இருந்த கட்டில்கள் என் நினைவுக்கு வந்தன.

அப்பா மது அருந்தாதவர், புகைபிடிக்காதவர். இளமையில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், நாற்பது வயதுக்குமேல் மேற்பார்வையாளராகி, பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு மாறினார். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. மூட்டை சுமந்த காலத்தில் உண்ட அதே அளவுச் சோற்றை இரவு ஒன்பது மணிக்கு உண்டு, கை கழுவியதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். நாள் முழுதும் உழைத்தவரின் நல்ல உறக்கம் என்று எண்ணி அம்மா ஓசைப்படாமல் விளக்கை அணைப்பார். அந்த இரவு ஒன்பது மணியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். உடல்நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் உதவும் பழக்கங்கள் என்று எத்தனையோ சொல்லப்படுகின்றன. அவற்றுள் பல உண்மையும்கூட. ஆனால் சோறு உண்டு வாழும் நம் வீடுகளில், உண்டபின் வரும் ஒரு மணி நேரத்தை எவ்வாறு கழிக்கிறோம் என்பதுதான் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2021இல், எனக்கு 51 வயதானபோது செய்த ரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 6.5 மில்லிமோல் என்று வந்தது. 7.0க்கு எட்டினால் நீரிழிவு; 6.1 முதல் 6.9 வரை அதற்கு முந்தைய நிலை. இன்னும் நோயாகவில்லை, இப்போதே முயன்றால் திருப்பிவிடலாம் என்றார் மருத்துவர். நம் சமூகத்துக்கு இது புதிய செய்தியன்று. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும், சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, அது எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது.

சோறு வயிற்றுக்குள் சென்ற அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் குளுக்கோஸ் உச்சத்தைத் தொடுகிறது. அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய கிடங்கு நம் தசைகள்தாம். அமர்ந்திருக்கும்போது, இன்சுலின் வந்து கதவைத் திறந்தால்தான் தசைக்குள் சர்க்கரை நுழையும். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதவர்களுக்கு அந்தக் கதவு பாதியே திறக்கும். நடக்கும்போது நிலைமை வேறு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. தொடையும் கெண்டைக்காலும் உடலின் பெரிய தசைகள் என்பதால், சாதாரண நடையே இதற்குப் போதும். இந்தியர்களுக்கு ஒரே எடையிலும் தசை குறைவாகவும் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கும் போக்கு உண்டு. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று வகுத்திருப்பதும் இத்தகைய வேறுபாட்டை எண்ணித்தான். ஒல்லியாகத் தெரிபவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ள 41 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. நாளில் ஏதேனும் ஒரு வேளையில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் அந்த வேறுபாடு 22 விழுக்காடு. மொத்த நடை ஒன்றே, நேரம்தான் வேறு. இதைப் படித்த அன்று என் மனத்தில் வந்து நின்றவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அப்பாதான்.

நாங்கள் ஈசூனில் எட்டாவது மாடியில் வசிக்கிறோம். இரவு உணவை ஏழரை மணிக்குக் கொண்டுவந்ததுதான் முதல் மாற்றம். அதுவே மிகக் கடினமானதும்கூட, ஏனென்றால் என் கணவர் வேலை முடிந்து வீடு சேரும் நேரத்தோடு அது மோதியது. சில மாதங்கள் தடுமாறிய பிறகு, காலையிலேயே குழம்பைச் செய்து வைத்துவிடும் வழக்கத்துக்கு வந்தோம். உண்டு முடித்ததும் பாத்திரங்களை ஊறவைத்துவிட்டுக் கீழே இறங்குகிறோம். நான்கு புளோக்குகளைச் சுற்றிக் கூரையுள்ள நடைபாதை வழியே வந்தால் பதினைந்து நிமிடம் ஆகிறது. வேகம் தேவையில்லை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். முதலில் அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. “உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு; சாப்பிட்ட உடனே எங்கேம்மா கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார். அவர் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. வயிறு நிறைய உண்டுவிட்டு ஓடினால் வயிறு வலிக்கும். ஓட்டம் வேறு, உலாவுதல் வேறு என்பதை அவருக்கு விளக்க, ஒரு நாள் அவரையும் மெல்ல அழைத்துச் சென்றதே பயன்பட்டது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும், புதிதாக நடக்கத் தொடங்குமுன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் ஒரு மிட்டாயாவது வைத்திருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பைத் தவிர்த்து, மூடிய காலணி அணிந்து நடப்பதும், வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பதும் அவசியம். அப்பாவின் காலில் வந்த புண்ணை அவர் உட்பட நாங்கள் யாரும் முதல் வாரம் கவனிக்கவில்லை.

நடை என்றதும் பலர் கைக்கடிகாரத்தைக் காட்டி, பத்தாயிரம் காலடி வரவில்லையே என்று வருந்துகிறார்கள். இங்கே 2015 முதல் நடக்கும் தேசிய அடிகள் சவால் நம்மில் பலரை நடக்க வைத்தது; அதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆனால் பத்தாயிரம் என்ற எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உடைய ஏறத்தாழ 16,700 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் அதிகம் தெரியவில்லை. வீட்டில் உள்ள முதியவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். எட்டாத இலக்கைக் காட்டி அவர்களைச் சோர்வடையச் செய்ய வேண்டாம்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் இறங்கி, மீதியை அனைவரும் படியேறித்தான் கடந்தோம். பின்னர் மேம்பாட்டுப் பணிகளால் ஒவ்வொரு மாடியிலும் அது நிற்கத் தொடங்கியது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு அது பெரும் உதவி. ஆயினும் கால் நன்றாக இருக்கும் நமக்கு, அன்றாடம் தானாகக் கிடைத்த படிகள் அத்துடன் போயின. 1953இல் வெளியான ஜெரி மோரிசின் புகழ்பெற்ற ஆய்வு, லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டியவர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டியது. இரவு நடை முடிந்து திரும்பும்போது நான் ஐந்தாவது மாடியில் இறங்கி, மூன்று மாடிகளை ஏறிச் செல்கிறேன்.

தட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி காய்கனி, கால் பகுதி சோறு, கால் பகுதி பருப்போ மீனோ என்பது அனைவரும் அறிந்ததே. எங்கள் வீட்டில் கீரையையும் கூட்டையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு போட்டுக்கொள்கிறோம்; சோற்றின் அளவு சண்டையின்றிக் குறைந்ததற்கு இதுவே காரணம். தேநீர்தான் எனக்குக் கடினமாக இருந்தது. காப்பிக்கடைத் தேநீரில் ஊற்றும் டின்பாலில் ஏறத்தாழப் பாதி சீனிதான். ‘தே’ கேட்ட நாவைச் சீனி குறைந்த ‘சியூ டாய்’க்குப் பழக்கி, பின்னர் பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்பதற்கு எனக்கு ஓராண்டு ஆயிற்று. 2022 டிசம்பர் 30 முதல் போத்தல், டின் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கலந்து தரும் பானங்களுக்கும் வந்த தர எழுத்து முறை, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தருவோருக்கு நல்ல துணை: 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சீனி இருந்தால் அது கடைசித் தரமான ‘டி’. உப்பைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கச் சொல்கிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் ஒரே தட்டில் வேண்டாம் என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கால் வலிமை பற்றித்தான் இன்னும் சற்று எழுதத் தோன்றுகிறது. அத்தைக்கு 79 வயது. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தபோது எலும்பு முறியவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் அவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டார். நடமாட்டம் குறைய, தசை மெலிந்தது. தசை மெலிய, விழும் வாய்ப்பு கூடியது. அருகில் முதியோருக்காக உள்ள ‘துடிப்புடன் மூப்படையும் நிலைய’த்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது மிக எளியது: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அமர்வது. காலையில் பத்து, மாலையில் பத்து. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. பிரேசிலில் 51 முதல் 75 வயதுடைய 1,702 பேரிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவரால் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. அவர்களிடையே பிந்தைய ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. நிற்க முடியாமையே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. உடலின் உள்நிலையை அது வெளியே காட்டுகிறது. அந்த நிலையத்தில் அத்தைக்கு ஒரு சீனத் தோழியும் ஒரு மலாய்த் தோழியும் கிடைத்திருக்கிறார்கள். மூவரும் சந்தை மலாயில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, அவர் மீண்டும் வெளியே வந்ததில் உடற்பயிற்சிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவர்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து செல்லலாம். பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளைச் சிங்கப்பூரர்கள் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். அப்பாவின் காலத்தில் இப்படியொரு ஏற்பாடு இல்லை. எனக்கு அது இருக்கிறது. சென்ற முறை என் அளவு 5.7.

இன்று மாலை முதல் மழை. டிசம்பரில் இது வழக்கம்தான். கீழே இறங்காமல், எட்டாவது மாடி நடைவழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பன்னிரண்டு முறை நடந்தோம். அத்தை கதவருகே நாற்காலியைப் போட்டு எழுந்து எழுந்து அமர்ந்தபடி, நாங்கள் கடந்த ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை உரக்கச் சொன்னார். பத்தாவதில் பக்கத்து வீட்டுக்காரரும் தம் மனைவியோடு வெளியே வந்து எங்கள் பின்னால் நடக்கத் தொடங்கினார்.