புலி கதவ தட்டுன கதை

இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சுக் குடுக்க போன புதுசுல எனக்கு புத்தகம்தான் எல்லாம். அப்ப நம்ம நாட்டுல தரம் 3லதான் இங்கிலீஷ் புத்தகம் கைக்கு வந்துச்சு, 1லயும் 2லயும் வாயால பேசி வெளையாடி பழகுறதோட சரி. நானும் பாடம் 1, பாடம் 2ன்னு வாசிச்சேன், புள்ளைங்களும் பின்னாலயே பாட்டு மாதிரி சொல்லுச்சுங்க, ஒருத்தருக்கும் ஒன்னும் ஒட்டல.

ஜூன் மாசம் ஒரு நாள் சரியான மழை, தகரக் கூரையில அடிக்கிற சத்தத்துல பின்வரிசை வாங்குல இருக்குறவனுக்கு ஒன்னும் கேக்காது. எல்லாத்தையும் முன்னாடி கூப்புட்டு கீழ ஒக்கார வச்சு, ராத்திரி நம்ம வீடுங்க வரிசையா ஒட்டி இருக்குற லயத்துக்கு டைகர் ஒன்னு வருதுன்னு ஆரம்பிச்சேன். ஒடனே ஒரு பொடியன், "சேர், நம்ம ஊருல வரிப்புலி இல்ல, புள்ளிப் புலிதான்"ன்னான். சரிதானே, இலங்கையில ஏது டைகர். வாய்ப் பழக்கத்துல நாம சிறுத்தையையும் புலின்னுதானே சொல்லுறோம். லெப்பர்ட்னு மாத்திக்கிட்டேன்.

லெப்பர்ட் மொத காம்பரா கதவ தட்டுது, நொக் நொக். ஹூ இஸ் தேர்? உள்ள இருந்து பாட்டி, கோ அவே! அடுத்த காம்பரா, திரும்ப அதே நொக் நொக். மூனாவது கதவுலயே புள்ளைங்க கத்த ஆரம்பிச்சுருச்சுங்க, நாலாவதுல நான் வாய மூடிக்கிட்டேன், அதுங்களே லயம் பூரா தட்டிட்டு வந்துருச்சுங்க. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா அடுத்து என்னன்னு தெரிஞ்சுரும், தெரிஞ்சா பயம் போயிரும், அவ்வளவுதான் சூட்சுமம். ஸ்டோர், பீல்ட், டிவிஷன் எல்லாம் வெள்ளக்காரன் காலத்துல இருந்தே தோட்டத்துப் பேச்சுல கெடக்குது, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு கூட பரேட்ல இருந்து வந்ததுதான், அதுனால லெப்பர்ட் ஓடுற வழிக்கு நான் புதுசா ஒரு சொல்லும் தேடல.

தப்பு பண்ணது அதுக்கப்பறம். அதே பொடியன் எழும்பி, "மை டோக் நோ கம்"ன்னான். நான் பெரிய வாத்தியார் மாதிரி, நோ கம் இல்லடா, டிட் நாட் கம்னு சொல்லுன்னேன். ஒன்னும் பேசாம ஒக்காந்துட்டான். பக்கத்துல இருந்தவதான் சொன்னா, "அவங்க நாய போன கெழம புலி தூக்கிருச்சு சேர்". அவன் கத சொல்ல வந்துருக்கான், நான் இலக்கணம் பாத்துருக்கேன்.

மறுநாள் நானே போய், யுவர் டோக் டிட் நாட் கம் பேக்? வேர் டிட் இட் கோ?ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் நெலத்தையே பாத்துட்டு, "ஸ்டோர் ரோட்"ன்னான். வட் கலர்? "பிரவுன். டெய்ல் வைட்."

இப்பல்லாம் நடுவுல திருத்துறதே இல்ல, அவங்க சொன்னதையே சரியா மாத்தி கேள்வியா திருப்பிக் கேட்டுட்டு கதைய ஓட விடுறேன். கொப்பியில அவன் இன்னும் நோ கம்னுதான் எழுதுறான், அடுத்த தவணைக்குப் பாப்போம்.