வெளிச்ச வட்டம்

பிப்ரவரி 3
மறுபடியும் காற்றுக்குமிழி. செல்களை விட்டுப் பார்க்கும் நுண்கால்வாய்ச் சிப்பின் வாயிலேயே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. இன்று ஒரு வேலையும் ஆகவில்லை.

பிப்ரவரி 4
செல்கள் மிதக்கும் சர்க்கரைக் கரைசலிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஏற்றினேன், குமிழி இல்லை. பீ-செல்கள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) வந்து இறங்கின. 100 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் கொடுத்து, புரொஜெக்டரிலிருந்து ஒரு வெளிச்ச வட்டம் போட்டேன். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சிப்பின் அடியிலுள்ள சிலிக்கான் படலம் மின்சாரத்தைக் கடத்தும், அங்கே மின்புலம் கூடும், செல் அந்தப் பக்கம் இழுபடும். படித்ததுதான். ஆனாலும் வட்டத்தை நகர்த்த நகர்த்த ஒரு செல் கூடவே வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் நீலச் சாயம் ஏறிய ஒன்று கிடந்தது. வட்டம் அதைத் தாண்டிப் போனது, அது வரவில்லை. உயிருள்ளது வருகிறது, செத்தது வருவதில்லை. 2005-இல் பெர்க்லியில் மிங் வூ குழு காட்டியது இதைத்தான்.

பிப்ரவரி 6
அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை இன்று ஆரம்பம். வலிக்கவே இல்லையாம். அக்கா சொன்னாள்.

பிப்ரவரி 7
எவ்வளவு தாங்கும்? ராத்திரி முழுக்க இதே நினைப்பு. லேசர் ஒளியாலேயே நுண்பொருள்களைப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்த ஆஷ்கின் 1987-இல் பச்சை லேசரில் பிடித்த பாக்டீரியாக்கள் செத்துப்போயின. 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு மாறினார், ஈ.கோலை பிடிக்குள்ளேயே பெருகியது. அதே பிடிதான், நிறம்தான் வேறு. எங்கள் முறைக்கு அந்த வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கே போதும். சரி, மின்புலம் ஒன்றும் செய்யாதா? உப்பில்லாத அந்தச் சர்க்கரைக் கரைசலில் ஒரு செல்லை எவ்வளவு நேரம் விடலாம்?

பிப்ரவரி 9
அம்மா சாப்பிடவில்லையாம்.

பிப்ரவரி 10
ஒரே ஒரு செல்லைத் தனி அறைக்குள் கொண்டுபோய் விட்டேன். அறைக்கு ஒரு வாய்தான். கால்வாயில் என்ன ஓடினாலும் உள்ளே அலசாது, ஊட்டம் மட்டும் மெல்லப் பரவிப் போகும். மின்சாரத்தை நிறுத்தி, வளர்ப்பு ஊடகத்தை மிக மெதுவாக ஏற்றினேன். குமிழி வரவில்லை.

பிப்ரவரி 11
விடியும் முன்பே போய்ப் பார்த்தேன். இருக்கிறது. விளிம்பு பளிச்சென்று, உருண்டையாக. பிரியவில்லை.

பிப்ரவரி 12
ஒரு தடவைக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று டாக்டரைக் கேட்கச் சொல்லியிருந்தேன். 2 என்றாராம். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கு எவ்வளவு போகும், அதைக் கேட்டாயா என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. அவளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 13
இரண்டாகிவிட்டது!

பிப்ரவரி 14
டிக்கெட் கிடைத்தது, ஞாயிறு கிளம்புகிறேன். சிப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஊடகம் மாற்றும் நேரம், பம்பின் வேகம், குமிழி வந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் எழுதி மைக்ரோஸ்கோப்பில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும்.