பழைய ஸ்டீரியோவில் எம்பி3 பிளேயர்: கொடைக்கானல் ஈரத்தையும் கணக்கில் வைத்து

கொடைக்கானலில் பல வீடுகளில் ஸ்டீரியோ செட் துணி மூடிக் கிடக்கிறது. கேசட் பகுதியின் பெல்ட் இளகிப்போயிருக்கும், ஆம்பியும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கும். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பாக்கெட் பிளேயரோ இயர்போன் துளை உள்ள செல்போனோ, ஒரே வயரில் அதில் பாட வைத்துவிடலாம்.

ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின், நீளம் 1.5 மீட்டர். இப்படிக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பின்னும் சேர்ந்த செட்டாப் பாக்ஸ் வயரைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் 3.5 பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், உள் இணைப்பும் வேறு. ஒரு பக்க ஸ்பீக்கர் பாடாமல் போகலாம். நமக்கு வேண்டியது இரண்டு வளையம் உள்ளது. சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம்.

ஆம்பியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓடும்போது செருகினால் வரும் 'டப்' சத்தம் ட்வீட்டரை (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கெடுக்கலாம்.

பலரும் தவறுவது பின்பக்கத் துளையில்தான். ஆக்ஸ், சிடி, டேப் இன் என்று எழுதியிருந்தால் எதிலும் செருகலாம். டேப் அவுட் வேண்டாம், அது வெளியே போகும் வழி. ஃபோனோ கூடவே கூடாது, அது இசைத்தட்டு பிளேயருக்கான துளை. இசைத்தட்டு ஊசி தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. ஃபோனோ அதைச் சுமார் 100 மடங்கு பெருக்கி, பேஸை (கனத்த ஒலி) ஏற்றி, ட்ரெபிளை (கீச்சு ஒலி) குறைக்கும். பிளேயர் தருவதோ அரை வோல்ட்டுக்கு மேல். அதை ஃபோனோவில் கொடுத்தால் பாட்டு உடைந்து கரகரக்கும்.

வட்டமான ஐந்து துளை டின் (DIN) சாக்கெட் மட்டும் உள்ள பழைய செட் என்றால், டேப் என்று குறித்த சாக்கெட்டில் 3 இடம், 5 வலம், 2 பொது. அதற்கேற்ற டின் பின்னைப் பற்றவைத்துக்கொள்ளலாம். மரப்பெட்டி வால்வு ரேடியோவில் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளில் சேசிஸிலேயே (உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம்) மெயின்ஸ் கரண்ட் இருக்கும்; வயர் வழியாகக் கையில் உள்ள போனுக்கே வந்துவிடும்.

பிளேயரின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மீதியை ஆம்பியில் கூட்டுங்கள். பிளேயரில் குறைத்து ஆம்பியில் ஏற்றினால் 'உஸ்' சத்தம்தான் பெரிதாகும். பிளேயரின் பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள்.

பாடுபவர் குரல் மறைந்து வாத்தியம் மட்டும் கேட்கிறதா? 3.5 பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது பொது இணைப்பு விட்டிருக்கிறது. அப்போது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் பெரும்பாலும் நடுவில்தான் பதிவாகியிருக்கும். சார்ஜ் ஏறும்போது மட்டும் உறுமல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் கோளாறு செட்டில் இல்லை.

மலையில் இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில், ஜன்னல் வழியே மேகம் நுழையும் வீட்டில், ஆர்சிஏ சாக்கெட்டில் களிம்பு ஏறும். ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். பின்னைச் செருகியபடியே பத்து முறை இடமும் வலமும் திருகினால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு. உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்குள் இன்னும் கெட்டியாகக் களிம்பு பிடிக்கும். வால்யூம் குமிழ் கரகரத்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை திருப்புங்கள்.

வயரே வேண்டாம் என்று, பாட்டை செட்டின் எஃப்எம் ரேடியோவுக்கு அனுப்பும் சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குபவர்களுக்கு ஒன்று: கோடை பண்பலை வானொலி 100.5-இல் ஊருக்குள்ளிருந்தே முழு வலுவில் வருகிறது. அதன் பக்கத்து எண்களில் உங்கள் பாட்டு எடுபடாது. தள்ளி வைத்தாலும் ஒலி வயர் அளவுக்குத் தெளிவாக இராது. ப்ளூடூத் ரிசீவர் எவ்வளவோ மேல். அதுவும் இதே ஆக்ஸ் துளையில்தான் போகும்.

மார்கழிக் குளிரில் இரவெல்லாம் சில்லிட்டுக் கிடந்த ஆம்பியை, அறையில் கணப்பு மூட்டியதும் போடாதீர்கள். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு உள்ளே நீர் கோர்த்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சைப் போடுங்கள்.