செயினை மாற்றும் முன் டிரம்மைப் பாருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட தென்னைகளை அப்புறப்படுத்தத்தான் எங்கள் பேராவூரணிப் பக்கம் நிறையப் பேர் முதல்முறையாக பவர் சா (மரம் அறுக்கும் செயின் மிஷின்) வாங்கினார்கள். அந்த மிஷின்களில் பல இன்னும் ஓடுகின்றன. செயின் மாற்றுகிறார்கள், செயின் ஓடும் பார் மாற்றுகிறார்கள், பிளக் மாற்றுகிறார்கள், ஆனால் கிளட்ச் டிரம்மை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய புது செயின் அதனால்தான் சீக்கிரம் வீணாகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன்.

டிரம் என்பது கிண்ணம் மாதிரி ஒரு இரும்புத் துண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்ளே இருக்கும் கிளட்ச் ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உள்சுவரைப் பிடிக்கும், கிண்ணம் சுற்றும், அதன் முதுகில் இருக்கும் பல்சக்கரம் செயினை இழுக்கும். ஆக, தேய்மானம் இரண்டு இடத்தில் வரும்: உள்சுவரிலும் பல்லிலும். நம்மூரில் பல்தான் முதலில் போகும். தென்னையைத் தரையோடு ஒட்டி அறுக்கிறோம், மணல் ஏறுகிறது, நார் மூடிக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொள்கிறது, அந்த மணலும் ஆயிலும் சேர்ந்து அரம் போட்டது போல இரும்பைத் தின்கிறது.

சித்தப்பா தன் 58 சிசி மிஷினைக் கொண்டுவந்து, "புது செயின் போட்டு ஒரு வாரங்கூட ஆகலப்பா, அதுக்குள்ள துள்ளுது" என்றார். செயினைக் கையால் இழுத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொய்வு. மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பல்லிலும் செயின் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது, நகத்தை வைத்து இழுத்தால் மாட்டி நின்றது. "இந்தப் பல்லைத் தொட்டுப் பாருங்க சித்தப்பா" என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டு, கடையில் இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். பள்ளம் அரை மில்லிமீட்டர் வந்துவிட்டால் டிரம்மை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த பல்லின் இடைவெளியும் புது செயினின் இடைவெளியும் ஒத்துப்போகாது, செயினின் அடிக்கண்ணி ஒவ்வொன்றும் பல்லில் ஏறி அடிபட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு டிரம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உள்சுவர் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டினால் வந்தது. செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. டிரம் நகர முடியாமல் நிற்க, ஷூ உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் டிரம் பழுக்கக் காய்ந்துவிடும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் உருகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். பிளக் கேப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். அப்புறம் பிரேக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து பிரேக்கை விடுவித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிரேக் பட்டை டிரம்மைக் கவ்விக்கொண்டு மூடியே வராது, வந்தாலும் திரும்ப ஏறாது. ஸ்டில் எம்.எஸ். 180 மாதிரி மிஷின்களில் டிரம் வெளிப்பக்கம் இருக்கும், சின்ன லாக்கைத் தள்ளி வாஷரை எடுத்தால் கையோடு வந்துவிடும். 58 சிசி மிஷின்களில் கிளட்ச் முன்னால், டிரம் அதற்குப் பின்னால். அதனால் கிளட்ச்சையே கழற்ற வேண்டும், சிக்கலும் இங்கேதான்.

கிளட்ச்சில் இருப்பது இடது மரை. கழற்ற வேண்டுமென்றால் கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் மறுபக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். நிறைய மெக்கானிக்குகள் ஃப்ளைவீல் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகி, கிளட்ச்சை உளி வைத்துத் தட்டுவார்கள். இறக்கை உடையும், ஷூ விரிசல் விடும். நல்ல மிஷினை இப்படிப் பாழாக்குவதைப் பார்க்கவே மனசு கேட்காது. அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கட்டைவிரலை வையுங்கள், ஸ்டார்ட்டரை மெதுவாக இழுங்கள். காற்று விரலைத் தள்ள ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, பழைய ஸ்டார்ட்டர் கயிற்றை மடித்து உள்ளே திணித்து, முனையை வெளியே விடுங்கள். இப்போது கிளட்ச்சைத் திருப்பினால் பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும், கிளட்ச் மட்டும் கழலும். காற்று தள்ளும் முன்பே கயிற்றைத் திணித்தால் அது சைலன்சர் பக்கத் துளையில் மாட்டி அறுந்துவிடும், அந்த ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது.

புது டிரம் வாங்கும்போது அது சுழலும் நீடில் பேரிங்கையும் சேர்த்து வாங்குங்கள். செயினின் பிட்ச்சும், அதாவது கண்ணிகளின் இடைவெளியும், ஒத்துப்போக வேண்டும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டில் முதல் ரிவெட்டின் மையத்திலிருந்து மூன்றாவதின் மையம் வரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் வரும்: 8.25 மி.மீ. வந்தால் 0.325 இஞ்ச், 9.4 மி.மீ. சுமாருக்கு வந்தால் 3/8. பேரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், ஆனால் டிரம்மின் உள்சுவரில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. டிரம்மின் அடியில் ஆயில் பம்ப்பைச் சுற்றவைக்கும் பாகம் இருக்கிறது. டிரம்மின் வெட்டு அதில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உட்காராவிட்டால் செயினுக்கு ஆயிலே வராது, புது பார் கருகிவிடும். கிளட்ச்சைக் கையால் இடப்பக்கம் முறுக்கி, ஸ்பேனரில் ஒரு இழு இழுத்தால் போதும். ஓடும்போது தானே இறுகிக்கொள்ளும்.

கயிற்றை உருவி, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். செயின் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஊர்ந்தால் ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) கூடுதலாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஐடிலைக் குறைத்தும் ஊர்ந்தால் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டுத்தான் தோப்புக்குள் எடுத்துப் போக வேண்டும்.