ஒரு கூட்டல்

மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் 10 கோடியே 67 லட்சம் சொச்சம்தான் வந்தது. தீர்ப்பிலோ 24 கோடியே 17 லட்சம்.

2015 மே 11. சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த அன்றிரவு. 919 பக்கத் தீர்ப்பில் வங்கிக் கடன் பட்டியல் என் பங்குக்கு வந்திருந்தது. செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"ஹைகோர்ட் ஜட்ஜுக்குக் கூட்டத் தெரியாதா தம்பி? நீ எதையோ விட்டிருப்ப."

"இல்ல சார், மூணு தடவை..."

"காலையில பார்த்துக்கலாம். முதல் பக்கம் போயிடுச்சு."

சரி சார் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி.ஆச்சார்யா அதே பிழையைச் சொன்னார். எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, எங்களுடையதிலும். ஒரு நாள் தாமதத்தில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அது சில்லறைப் பிழை இல்லை. கடன்களையும் வருமானக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்; அதில் 13.5 கோடி கூடுதலாக ஏறியதால்தான் மிகைச் சொத்து 8.12 சதவீதமாகச் சுருங்கியது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற பழைய தீர்ப்பு கைகொடுத்தது.

1996-இல் ஆட்சி போன பிறகுதான் அவர்மீது வழக்கே வந்தது. 2001-இல் திரும்பி வந்ததும், 70-க்கும் மேற்பட்ட சாட்சிகளை மறுபடி அழைத்தார்கள்; பெரும்பாலானோர் முன்பு சொன்னதிலிருந்து பிறழ்ந்தார்கள். 2003-இல் வழக்கு பெங்களூருக்குப் போனது. இத்தனை பேர் முட்டுக்கட்டை போட்ட தேரில் என் ஓர் இரவு எந்த மூலைக்கு? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அப்புறம் தோன்றும், அந்தச் சாட்சிகளும் வீட்டில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அன்று தண்டனை உறுதியாகியிருந்தால் அந்தப் பட்டியலை நான் கூட்டியே பார்த்திருப்பேனா? எனக்கு அவரைப் பிடிக்காது. அது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், செய்தி ஆசிரியருக்கும்.

2016 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று வழக்கில் இருந்த மற்ற மூவருக்கும், சசிகலா, இளவரசி, சுதாகரன், தண்டனை உறுதியானது. குற்றம் சாட்டப்பட்டோரில் முதல் ஆளாக இருந்தவர்மீது மட்டும் வழக்கு அற்றுப்போனது.

அன்றிரவு செய்தி ஆசிரியர் என் மேஜைக்கு வந்தார். "அந்தக் கூட்டல் மேட்டரை ஒரு பெட்டிச் செய்தியா போட்டுடு தம்பி." பக்கத்து நாற்காலியில் இருந்த புதுப் பையனிடம் என்னைக் காட்டி, "அப்பவே கண்டுபிடிச்ச ஆளு இவன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.