நண்டு வளை

எங்கள் வயல் பொறையாறு பக்கம், கடைமடை. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும், கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். தண்ணீர் என்று யார் பேச்செடுத்தாலும் எங்களுக்குக் கொஞ்சம் படபடப்புதான்.

போன குறுவையில் ஒரு நாள், மேலுரம் வீசித் தண்ணீர் கட்டியிருந்தேன். மத்தியானம் அடுத்த வயல் மாமா மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்போடு வந்தார். "தம்பி, உன் வயல்ல தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு முறை எங்களுது மாமா. நாளைக்குத்தான் உங்களுக்கு."

சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வயலில் களை பறித்துவிட்டுக் கரையேறிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

மறுநாள் விடியலில் போனால் வயலில் வெறும் சேறு. வடிகால் பக்கத்து வரப்பில் நண்டு வளை. முதலில் விரல் நுழையும் அளவுதான் இருந்திருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அரித்து, முழங்கை வரை கை போனது. போட்ட யூரியாவும் தண்ணீரோடு வடிகாலுக்குப் போயிருந்தது. அதைச் சொல்லத்தான் மாமா வந்திருக்கிறார்.

காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம், வெட்கம் என்கிறது பைபிளில் நீதிமொழிகள் 18:13. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். தரங்கம்பாடியில் 1718இல் மிஷனரி சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுந்த வசனமும்கூட. அதில் சொல்லும் ஆள் நான்தான் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

வேதத்தில் மூடன் என்பது எழுத்தறியாதவன் இல்லை. சொன்னால் கேளாதவன், கோபத்தை அன்றைக்கே கொட்டுகிறவன். வழியில் நடக்கும்போதே தான் மூடன் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போகிறான் என்கிறது பிரசங்கி 10:3. வரப்பில் நின்று, கரையேறிய அத்தனை பேருக்கும் நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். போன உரத்தைவிட இது எனக்கு வலித்தது.

மாமா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "மாமா, நேத்து நான்..." என்றேன்.

"களிமண்ணும் வைக்கோலும் எடுத்து வச்சிருக்கேன். வா, வெயிலுக்கு முன்ன அடைச்சிடலாம்" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் வளைக்குள் காலால் மிதித்துத் திணித்தார். நான் மண் அள்ளிக் கொடுத்தேன்.