பாட்டுக்கு முன் நான் சொன்ன ஒரு வரி

பண்பலை வானொலியில் நேயர் விருப்பம் நடத்திய வருடங்களில் எத்தனையோ பாடகர்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மைக்கேல் ஜாக்சனைப் பற்றிப் பேசிய ஒரு நாள் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் இறந்தார். செய்தி எட்டியபோது எங்களுக்கு 26 ஆம் தேதி அதிகாலை. காலை நிகழ்ச்சி என்னுடையது. தயார் செய்திருந்ததை ஒதுக்கிவிட்டு அவருடைய பாட்டுகளாகவே போட்டோம். கூப்பிட்டவர்களில் பலருக்கு அந்த ஆங்கில வரிகள் புரிந்ததில்லை. மெட்டை முனகிக் காட்டி, "இதுதாங்க, இதைப் போடுங்க" என்றார்கள். ஒருவர் பேச முடியாமல் அழுதார். அடுத்து வந்தவர், "சின்னப் பசங்க விஷயத்துல வழக்கு நடந்த ஆளுக்கு இவ்வளவு அஞ்சலியா?" என்று கேட்டார். அதற்கு அடுத்தவர், 2005 இல் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்ததைச் சொல்லிக் கோபப்பட்டார்.

பேச்சைத் திசைதிருப்ப நினைத்து நான் ஒரு வரி சொன்னேன். "கறுப்பாகப் பிறந்து, அந்த நிறம் பிடிக்காமல் வெள்ளையாக மாறியவர்." எல்லோரும் சொல்லிக் கேட்டதுதான். சரிபார்க்கத் தோன்றவே இல்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டார். தன் குரலை ஒலிபரப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எனக்கும் அந்த வெண்புள்ளிதாங்க. பதினோரு வயசுல ஆரம்பிச்சுது. அவர் டிவியிலயே சொன்னாரே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1993 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயுடனான நேரலைப் பேட்டியில், தோலின் நிறமியை அழிக்கும் ஒரு கோளாறு தனக்கு இருப்பதாக அவரே சொல்லியிருந்தார். வெண்புள்ளியில் நிறமி செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது. அது தொற்றாது. திட்டுகள் மிகவும் பரவியவர்களுக்கு, எஞ்சிய நிறத்தையும் களிம்பால் நீக்கி ஒரே சீராக்குவதும் சிகிச்சைதான். பின்னாளில் வெளியான பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அவருக்கு அந்த நோய் இருந்ததை உறுதி செய்தது. பதினாறு வருடங்களுக்கு முன்பே அவர் வாயைத் திறந்து சொன்ன ஒன்றை நான் அவர் இறந்த அன்று பழியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அதே நேரத்தில் திருத்தம் சொன்னேன். அதற்கும் அழைப்புகள் வந்தன. ஒரு ரசிகர் சந்தோஷமாக, "பாத்தீங்களா, நிறத்தைப் பத்திச் சொன்னது பொய்னா மத்ததும் பொய்தான்" என்றார். அதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை. நோய்க்கு மருத்துவச் சான்று இருந்தது. ஒருவர் தன் சிறு வயதில் இன்னது நடந்தது என்று சொல்வதை, பாட்டு மேல் நமக்கிருக்கும் ஆசையை வைத்து அளக்க முடியாது. 2019 இல் இரண்டு பேர், சிறு வயதில் ஜாக்சன் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஓர் ஆவணப்படத்தில் சொன்னார்கள். ஜாக்சன் தரப்பு அதை மறுத்தும் கூட, கனடாவிலும் நியூசிலாந்திலும் சில வானொலிகள் அவர் பாட்டுகளை நிறுத்தின. எங்கள் அலுவலகத்திலும் அன்று நீண்ட வாக்குவாதம். அவரைப் புகழும் முன்னுரை எதுவும் இல்லாமல், கேட்டால் மட்டும் போடலாம் என்றேன் நான். இன்றும் என் கருத்து அதுவே.

அந்தப் பெண் திரும்பக் கூப்பிடவில்லை. திருத்தம் அவர் காதில் விழுந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நேயர் விருப்பத்துக்கு அழைத்தவர், அன்று பாட்டு எதுவும் கேட்காமலே வைத்துவிட்டார்.